தண்ணீர் திரும்பும் இடம்

கமலாசனி வரைந்த படத்தில் தண்ணீர் மலையேறியது.

தெல்தெனிய நீர்த்தேக்கத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, வண்டல் எங்கே படியும் என்று கணினியில் கணக்கிட்டு அம்புகளாக வரைந்து காட்டுவதுதான் அவளுக்கும் ரபீகாவுக்கும் கிடைத்த ஓராண்டு வேலை. இன்று பத்து மணிக்கு அணைக்கட்டு அலுவலகத்தில் படத்தைக் காட்ட வேண்டும். பெரிய எஞ்சினியர் நம்பினால் இன்னோர் ஆண்டு வேலை உண்டு. நம்பாவிட்டால் இருவரும் வீட்டோடுதான்.

கணக்கில் நீர்த்தேக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். கிழக்கு மேற்காக ஓடும் வேகம் ஒவ்வொரு கட்டத்தின் இடது, வலது சுவர்களில் இருக்கும். வடக்கு தெற்காக ஓடும் வேகம் மேல், கீழ்ச் சுவர்களில். ஒரு வரிசையில் சுவர்கள் எப்போதும் கட்டங்களைவிட ஒன்று கூடுதல். அதனால் இரண்டு வேகங்களின் அட்டவணைகளும் அளவில் ஒத்துப்போகவில்லை. மென்பொருள் படம் வரைய மறுத்தது. கமலாசனி ஒன்றில் கடைசி நிரலையும் மற்றதில் கடைசி நிரையையும் வெட்டி எறிந்தாள். மென்பொருள் உடனே சமாதானமாகிவிட்டது.

"தண்ணி மலையேறுதே கமலா," என்றாள் ரபீகா, பஸ்ஸில் படத்தை விரித்துப் பார்த்து. "கதிர்காமத்துக்கு நேர்த்தி வச்சிரிக்கா?"

"கரையிலை நாலைஞ்சு அம்புதானே. ஆர் பாக்கப் போகினம்?"

கண்டி கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் காலையில் அவள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். இப்படிப்பட்ட வேண்டுதலைப் பிள்ளையார் நிறைவேற்றுவதில்லை, வேண்டியவளைக் கைவிடுவதுமில்லை.

திகனைக்கு அப்பால் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அது சண்டைக் காலம். ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் நீர்த்தேக்கத்தின் படமும் அதன்மேல் நூற்றுக்கணக்கான அம்புகளும் இருந்தால் எந்தக் கோப்ரலுக்கும் வியர்க்கும். பஸ் இவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

"இது யார் எங்க போறதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார் கோப்ரல்.

"தண்ணி போறதுக்கு, மாத்தையா," என்றாள் ரபீகா.

"தண்ணிக்கு வழி தெரியாதா?"

கமலாசனி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினாள். "இந்தச் சாவடியை ஒரு கட்டம் எண்டு வையுங்கோ. கண்டிப் பக்கத் தடையில நீங்க நிக்கிறீங்க. எதிர்ப் பக்கத் தடையில ஆர்?"

"அது இன்னைக்கு மூடியாச்சு. எல்லாரும் வடக்கால அணைக்கட்டு ரோட்டுக்குத் திரும்பித்தான் போகணும்."

"உங்களை மட்டும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"எல்லாரும் நேரா உள்ள போனாங்கன்னுதான் சொல்லுவேன். திரும்பினதை வடக்குத் தடைக்காரன்தான் பார்த்திருப்பான்."

கமலாசனி சட்டென்று ரபீகாவின் பக்கம் திரும்பினாள். தமிழில் சொன்னாள்: "ரபீகா, நான் இவரை மட்டும் கேட்டு வரைஞ்சிட்டன். சனமெல்லாம் நேர போய் மூடின தடையிலை முட்டுது. ரெண்டு பக்கச் சுவரையும் கேட்டுச் சராசரி எடுத்தெல்லோ நடுவிலை அம்பு போட வேணும்."

"வெட்டாதேன்னு அன்னைக்கே சொன்னேன். நீ கேக்குற ஆளா?"

"என்ன சொல்றாங்க?" என்றார் கோப்ரல்.

"படம் பிழையாம்," என்றாள் ரபீகா.

கோப்ரலின் முகம் தெளிந்தது. குண்டு வைக்க வருகிறவர்கள் சாவடியில் நின்று தங்கள் படம் பிழையென்று ஒப்புக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டதேயில்லை.

கமலாசனி அங்கேயே திருத்தப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். அதில் மின்சாரம் தீரப்போகிறது என்றதும், கோப்ரல் கொதிக்கத் தொடங்கியிருந்த கேத்தலின் வயரைப் பிடுங்கிவிட்டு, தன் கதிரையையும் இழுத்துப் போட்டார். "தேத்தண்ணி பிந்தினா யாரும் சாகப் போறதில்லை, மிஸ்."

கமலாசனி சராசரி எடுக்கும் வரிகளை எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு ஜீப் வந்தது. உள்ளே பெரிய எஞ்சினியர்; படத்தைக் காட்ட வேண்டியது அவருக்குத்தான் என்று ரபீகா கோப்ரலிடம் மெல்லச் சொன்னாள். கோப்ரல் இவர்களைத் திரும்பிப் பார்த்தார், வேலை முடியவில்லை. அவர் ஜீப்பின் டயர்களைத் தட்டிப் பார்த்தார். மேலதிக டயரையும் பார்த்தார். எஞ்சினியரின் சோற்றுப் பார்சலை முகர்ந்து, என்ன கறி என்று விசாரித்தார்.

அம்புகள் வரிசையாக வந்து விழுந்தன. கரையில் ஒன்றுகூட மலையேறவில்லை. எல்லாம் மெல்ல வளைந்து வடக்கே திரும்பின.

கோப்ரலே கேட்டு இருவரையும் அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டார். எஞ்சினியர் மடிக்கணினியை வாங்கி, கரையோரத்தில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். "வண்டல் இந்த வளைவிலதான் படியும். எங்கட படகுக்காரர் சொல்றதும் இந்த இடத்தைத்தான். அடுத்த வருசம் தெற்குப் பக்கத்தையும் செய்யுங்க."

மாலையில் தெல்தெனியப் பேக்கரியொன்றில் கமலாசனி கோப்ரலுக்கென்று ஒரு பை நிறையச் சீனிப் பணிஸ் வாங்கினாள். சாவடியில் வேறொரு சிப்பாய் நின்றான். கோப்ரல் வேலை முடிந்து போய்விட்டாராம். யார் நின்றாலென்ன, பசி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அவள் பையை நீட்டினாள்.

சிப்பாய் பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "முதல்ல நீங்க ஒன்னு சாப்பிடுங்க, மிஸ்."

கமலாசனி ஒன்றைக் கடித்தாள். அவன் மனத்தில் துளிச் சந்தேகமும் தங்கக் கூடாதென்று ரபீகா இரண்டு தின்றாள்.