வெட்டாத மூச்சு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வந்து பேசினாலும், வாக்கியங்களுக்கு நடுவே அவர்கள் இழுக்கும் மூச்சை ஒட்ட நறுக்கிவிடுவாள். விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர்கள் மூச்சே விடாத தெய்வப்பிறவிகள் மாதிரி ஒலிப்பது அவள் கைங்கரியம்.

இந்த முறை வேலை அத்தானுக்காக, அக்காவின் கணவருக்காக. அவளுக்கு முதல் ஹெட்போன் வாங்கி, "கேளு" என்று காதில் மாட்டிவிட்டவர். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து, படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் நாற்காலியிலேயே கண் சிவந்து கிடந்தார். எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். பயத்துக்குத்தான் அது புரியவில்லை.

தெருமுனைத் தியான மன்றத்துப் பிக்குணியை வரவழைத்து, மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் பேசவைத்துப் பதிவு செய்தாள் கத்தரி. பிறகு பழக்க தோஷம். மூச்சு, மௌனம் எல்லாவற்றையும் நறுக்கிப் பளபளவென்று அனுப்பிவைத்தாள்.

காலையில் அக்காவிடமிருந்து போன்.

"என்னடி அனுப்பின? 'உள்ள வருது, வெளிய போகுது'ன்னு ஏலம் போடற மாதிரி ஓடுது. உங்க அத்தான் அதோட சேர்ந்து மூச்சு விட்டுப் பார்த்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு."

பின்னாலிருந்து அத்தான் குரல்: "அந்தம்மா நல்லா இருக்காங்களான்னு கேளு. ஒரு தடவகூட மூச்சு விடலயே."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் குரலில் காற்று போதவில்லை. கத்தரி அவசரமாகக் கணினியில் தேடினாள். அசல் பதிவையும் அவளே அழித்திருந்தாள்.

மன்றத்துக்கு ஓடினாள். தன்னைவிட வயதில் சின்னவரான துறவியை எப்படி அழைப்பது என்று இன்னும் பிடிபடாததால் 'நீங்க'வை வைத்தே சமாளித்தாள்.

"நீங்க விட்ட மூச்சையெல்லாம் குப்பையில போட்டுட்டேன்."

பிக்குணி மழித்த தலையைத் தடவிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "பரவாயில்லக்கா. இன்னும் கொஞ்சம் கைவசம் இருக்கு."

கூடத்தில் மறுபடி பதிவு. ஒரு வரி சொல்லிவிட்டுப் பிக்குணி மௌனமானார். மௌனம் நீள நீள, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்தரியின் விரல்கள் துறுதுறுத்தன.

"உள்ள வாங்கக்கா. நீங்க கையைப் பிசையறது கண்ணை மூடினாக்கூடத் தெரியுது."

உள்ளே போய் எதிரே உட்கார்ந்தாள். "இதைக் கேட்டா அத்தானுக்குப் பயம் போயிடுமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். பயம் வரும். வந்தா, 'வந்துட்டியா, உட்காரு'ன்னு பார்க்கலாம். துரத்தவும் வேணாம், அது இழுத்த இழுப்புக்குப் போகவும் வேணாம். அதுக்குத்தான் இத்தனை பழக்கம். மூச்சு ஒரு பிடிமானம். நழுவிட்டா, திட்டாம திரும்பி வந்துடணும், அவ்வளவுதான்."

கத்தரி கண்ணை மூடினாள். மூக்கு நுனியில் காற்று குளிர்ச்சியாக உரசி, வெதுவெதுப்பாக வெளியேறியது. ஊரார் மூச்சையெல்லாம் வெட்டியவள், தன் மூச்சைக் கேட்டதேயில்லை. வெட்டு, வெட்டு என்று விரலில் அரிப்பு கிளம்பியது. பார்த்தாள். முறுக்கிக்கொண்டு நின்றது, பிறகு தானாக அடங்கியது. மனம் அத்தானின் நெஞ்சுத் தழும்புக்கு ஓடியது. திரும்பி வந்தாள். மறுபடி ஓடியது. மறுபடி வந்தாள்.

பதிவைப் போட்டுக் கேட்டபோது, பிக்குணியின் மூச்சுக்கு அடியில் கரகரவென்று இன்னொன்று கேட்டது. அவளுடையதுதான். பழகிய கை அதை நோக்கிப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம், அக்கா வீட்டுக்குப் போய்த் தன் ஹெட்போனை அத்தான் காதில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் சுருங்கியது.

"இதுல ரெண்டு பேர் மூச்சு விடறாங்களே. மூக்கடைச்ச மாதிரி, அது யாரு?"

"நான்தான் அத்தான். வெட்டிடட்டுமா?"

"கையை ஒடிச்சிடுவேன். கூட ஆள் இருக்கற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். மெல்லக் கட்டிலில் சாய்ந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை வாசலில் நின்று பார்த்த அக்கா கிசுகிசுத்தாள்.

"ஹெட்போன்ல சத்தமே வரலயே. நின்னுடுச்சாடி?"

"இல்லக்கா," என்றாள் கத்தரி. பிக்குணிக்கும், ஏறி இறங்கும் அந்த நெஞ்சுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டாள். "ஓடிக்கிட்டுதான் இருக்கு."