கல்யாணத் தண்ணீர்

கிணற்றை முந்தின நாளே இறைத்துவிட வேண்டும் என்று சொன்னது மக்பூல் அகமதுதான். தேங்கிய தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தால் தொழிற்சாலைக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். அடிவரை இறைத்துவிட்டால் இரவில் புது ஊற்று ஊறும். அதிலிருந்து எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது. காசிநாதன் உடனே தலையாட்டினார். நேற்று மாலை தோப்புப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டபோது மக்பூலுக்கு மனம் நிறைந்திருந்தது.

ஆம்பூரைத் தாண்டி, தோல் தொழிற்சாலை மதிலை ஒட்டியிருந்தது அந்தத் தோப்பு. கிணற்றுத் தண்ணீர் செம்பழுப்பு நிறம். வாயில் வைத்தால் நாக்கு கரிக்கும். மக்பூலுக்கு நிலம் கிடையாது, தெருவில் ஒரு வீடுதான். ஆனாலும் இருவரும் அதை "நம்ம கிணறு" என்றே பேசினார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாள்களுக்கு வேலூருக்கும், மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பத்தூருக்கும் காசிநாதனின் வண்டியிலேயே போனார்கள். இன்று தண்ணீர் மாதிரி எடுக்கச் சென்னையிலிருந்து பெண் அதிகாரி ஒருவரே வந்திருந்தார். தண்ணீர் கெட்டது என்று அவர் எழுதினால் கழிவை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரும். நல்லது என்று எழுதினால் மனு அதோடு முடிந்தது.

வாளி மேலே வந்தது. அதிகாரி தண்ணீரைக் கேனில் ஊற்றி, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே இலைத்துணுக்குகூட இல்லை.

"தெளிவாத்தான் இருக்கு" என்றார்.

மக்பூல் வாளியில் மிச்சமிருந்ததைக் கையில் ஏந்திக் குடித்தார். கரிக்கவில்லை.

அதிகாரி கேனை எடுத்துக்கொண்டு ஜீப்பருகே போனார். மனுக் குழுவில் இவர்களோடு இருந்த இன்பராஜும் அம்பிகாவும் தென்னை நிழலில் நின்றுகொண்டார்கள். சாலையில் காலி டேங்கர் ஒன்று நின்றது. ஓட்டுநர் தவ்ஃபீக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"காசிண்ணே, நேத்து ஊத்துனது போதுமா? இன்னும் ஒரு லோடு கொண்டாரவா? கல்யாணம் எப்போன்னு சொல்லவே இல்ல பாரு."

இந்தப் பக்கம் கல்யாண வீடென்றால் கிணற்றை இறைத்து டேங்கர் தண்ணீர் ஊற்றுவார்கள், சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கக் கூடாதென்று. காசிநாதன் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை.

"போடா, அப்புறம் பேசலாம்" என்றார் காசிநாதன்.

லாரி போய்விட்டது. மக்பூல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிநாதன் வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளி எடுத்தார்.

"தோப்பைப் பிளாட் போடக் கேக்குறாங்க பாய்" என்றார் கடைசியில். "தண்ணி கெட்டதுன்னு ஒருவாட்டி ரிப்போர்ட் வந்துட்டா எவன் வாங்குவான்? உனுக்கு இன்னா, நிலமா நீச்சா?"

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம் காசி."

"சொன்னா உட்டிருப்பியா?"

மக்பூல் தென்னை நிழலைத் திரும்பிப் பார்த்தார். அம்பிகா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். இன்பராஜ் கைபேசியில் எதையோ தேடினான். அவர்கள் நிலமும் மதிலோரம்தான். இவர்களுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதிகாரி கூப்பிட்டார். "சாட்சிக் கையெழுத்துப் போடுங்க பாய்."

"இது இந்தக் கிணத்துத் தண்ணி இல்ல மேடம். டேங்கர்ல ஊத்துனது."

அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க?"

"வயசாயிடுச்சு, எதுனா பேசுவாரு" என்றாள் அம்பிகா, தலை நிமிராமல்.

பேனாவை இன்பராஜ் வாங்கிக்கொண்டான். ஜீப் கிளம்பிப் போயிற்று.

மக்பூல் கிணற்று விளிம்பில் உட்கார்ந்தார். காசிநாதன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, பின்சீட்டின் தூசியைக் கையால் தட்டினார்.

"உக்காரு பாய். வூட்ல உட்டுடறேன்."

"ஊத்து ஊறட்டும். நானே எடுத்துக்கினு சென்னைக்குப் போறேன்."

காசிநாதன் எஞ்சினை அணைத்தார்.

"அது என் கிணறு பாய்."

மக்பூல் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, மதிலோரமாகவே நடந்து போனார். வண்டி மறுபடி கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.