விளக்கை அணைத்த மனிதர்

“அம்மா, சாமிக்குக் குளிராதோ?” என்று ஆதிரை கேட்டபோது அவளுக்கு நாலு வயது. அப்போது சாமிப்படங்கள் வாசல் கதவை ஒட்டிய, சூடில்லாத சின்ன நடையில் இருந்தன. சுலோஜனா அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. குழந்தை வாயில் அதை வரவைத்தது சாமியேதான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த வாரமே படங்களைக் கீழ்த்தளத்துக்கு, வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலன் நின்ற அறைக்கு மாற்றினாள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே அவர்கள் வாங்கியிருந்த அந்தப் பழைய வீட்டில் எப்போதும் கதகதப்பாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு குறை இருந்தது. சுவரின் அடியில் கம்பி போட்ட ஒரு துளை. குளிர்காலத்தில் அதன் வழியே வந்த காற்று விளக்கை அணைத்தது. பழைய துவாய் ஒன்றை மடித்து அதில் திணித்துவிட்டாள். கோடை வந்ததும் எடுத்துவிடுவாள். வீடுகளின் புகைபோக்கியைச் சோதிக்கிறவரும் கோடையில்தான் வருவார் என்பதால் அவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

வருடங்கள் ஓடின. ஆதிரை இப்போது பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மேலே தொலைக்காட்சிச் சத்தம் என்று சொல்லி, இலையுதிர்காலத்தில் தன் கட்டிலைக் கொதிகலன் அறைக்கு அடுத்த அறைக்கு இறக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தலையிடி தொடங்கியது.

“கண்ணாடி மாத்த வேணும் போல,” என்றார் தகப்பன் தம்பித்துரை.

“கண்ணூறு,” என்றாள் சுலோஜனா. மிளகாய் சுற்றிப் போட்டாள். மகள் காலையில் முகம் வெளுத்து எழுந்து வரும்போதெல்லாம் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

தை மாதம் பிறந்ததும் கொதிகலன் இரும ஆரம்பித்தது. நடுவில் நின்றுபோகும், தானாகவே மூளும். புதிது போட்டே ஆகவேண்டும். தம்பித்துரைக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். “ஆரெண்டு நீயே பாத்து முடிவெடு,” என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவெடு என்றால் போதுமா? பிழையான ஆளைப் பிடித்து, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பாதியில் போனால் இந்தக் குளிரில் பிள்ளை எங்கே படுக்கும்? சுலோஜனாவுக்கு நித்திரை போயிற்று.

முதலில் ஒரு பெரிய நிறுவனத்தின் இளைஞன் வந்தான். கொதிகலனைவிடத் தன் கையிலிருந்த திரையையே அதிகம் பார்த்தான். சித்திரைக்கு முன்னால் ஒரு நாளும் ஒதுக்க முடியாது என்றான்.

அடுத்தவர் எப்பிங்கர். பக்கத்து ஊரில் சிறு பட்டறை வைத்திருந்த, அறுபது வயது தாண்டிய மனிதர். வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையாலேயே கை கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் படங்களைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு ஒரு வணக்கமும் வைக்கவில்லை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், குனிந்தார், துளையிலிருந்த துவாயைப் பிடித்து உருவினார். குப்பென்று குளிர்காற்று வந்தது. விளக்கு அணைந்தது.

சுலோஜனா பதறித் தீப்பெட்டியைத் தேடினாள்.

“இந்த நெருப்புக்கு மூச்சு வேண்டும், அம்மணி,” என்றார் அவர். “இதை அடைத்தால் நஞ்சு வாயு வரும். மணக்காது, தெரியாது. இனி ஒருபோதும் வேண்டாம்.” பிறகு அடுத்த அறைக் கதவைக் காட்டிக் கேட்டார்: “அங்கே யாராவது தூங்குகிறார்களா?”

“மகள்.”

அவர் உதட்டைக் கடித்தார். இரண்டு வாரத்தில் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுலோஜனாவின் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்குள் வந்து விளக்கை அணைத்த ஆளிடம் வேலையைக் கொடுப்பதா?

மூன்றாவது ஆள் ஜெசிந்தன். கோயில் சபையில் இருக்கும் நவரத்தினம் அண்ணையின் மகன். தொழில் படித்து முடித்து இரண்டு வருடம்தான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். படங்களுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றான். சுலோஜனாவுக்கு மனம் குளிர்ந்தது.

“தம்பி, அந்த ஓட்டையை அடைக்கக் கூடாதாமே?”

அவன் துளையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், அவளுடைய முகத்தைப் பார்த்தான். “அதொண்டும் செய்யாது அன்ரி. இவ்வளவு காலமும் இருந்ததுதானே. வாற கிழமை எல்லாத்தையும் கழட்டிப் புதுசு போட்டிருவன். யோசியாதேங்கோ.”

துவாய் பழைய இடத்துக்குப் போயிற்று.

எப்பிங்கருக்குத் தொலைபேசியில் வேண்டாமென்று சொன்னாள். அவர் வருத்தப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “காற்றுத் துளை திறந்திருக்கிறதா?”

“ஆம், திறந்துதான் இருக்கிறது,” என்று உடனே ஜெர்மனில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கில் கசந்தது.

அன்று பின்னேரம் சுலோஜனா முதியோர் இல்லத்து வேலையால் வந்தபோது ஆதிரை சொன்னாள்: “அம்மா, அந்தத் தோள் ஏலாத ஐயா வந்தவர். உள்ளுக்கு வரேல்லை. ஒரு வெள்ளைப் பெட்டி தந்து, உன்ர அறை வாசல்ல ஒட்டு எண்டவர். காசு கேட்டன், கையை ஆட்டிப்போட்டுப் போயிட்டார்.”

“என்ன பெட்டியாம்?”

“கெட்ட காத்து வந்தால் கத்துமாம்.”

வேலை கிடைக்காத கோபத்தில் பயம் காட்டுகிறார் என்று நினைத்தாள் சுலோஜனா. ஆனாலும் பிடுங்கி எறிய மனம் வரவில்லை.

இரண்டு நாளில் குளிர் உச்சத்துக்கு ஏறியது. கொதிகலன் ஓயாமல் எரிந்தது. சுலோஜனா மேலே கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையிடி என்று பள்ளியிலிருந்து பாதியில் வந்த ஆதிரை கீழே படுத்திருந்தாள். திடீரென்று கீழேயிருந்து காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம். கத்தி கையிலிருந்து விழுந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. மகள் எழும்பவில்லை. “பிள்ளை, எழும்பு! எழும்பு குஞ்சு!” கன்னத்தில் அடித்தாள். ஆதிரையின் கண் பாதி திறந்து மூடியது. “விடுங்கோம்மா… நித்திரை வருது…” அக்குளில் கைகொடுத்து, அந்த வளர்ந்த பிள்ளையைப் படிப்படியாக இழுத்து, வாசலைத் திறந்து பனிக்குள் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். “முருகா, முருகா” என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. பக்கத்து வீட்டார் தீயணைப்புக்காரரை அழைத்தார்கள்.

கையில் வாயு அளக்கும் மானியோடு கீழே போன தீயணைப்பு வீரர் துவாயோடு திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, மறுநாள் காலையில் பயமில்லை என்றார்கள். தம்பித்துரை கட்டிலோரம் நின்றார்.

“ஆர் அதை அடைச்சது?”

“நான்தான்.” சுலோஜனா தலையை நிமிர்த்தவில்லை. அவர் அவளுடைய தோளில் கையை வைத்தார்.

முகமூடியை விலக்கிக்கொண்டு ஆதிரை சொன்னாள்: “சாமிக்குக் குளிரக் கூடாதெண்டு என்னைச் சாமியிட்டயே அனுப்பப் பாத்தனீங்களோ?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தாய் இரண்டையும் செய்தாள்.

ஜெசிந்தன் தொலைபேசியில் குரல் உடைந்து பேசினான். “உங்களுக்கு மனம் நோகுமெண்டுதான் அன்ரி அப்பிடிச் சொன்னனான்.” அவள் அவனை ஏசவில்லை. “நோகட்டும் தம்பி. இனி ஆரிட்டப் போனாலும் நோகிறதையே சொல்லு,” என்றாள். மனம் நோகாமல் பேசுவதும் அன்பும் ஒன்றென்று அவளும்தானே இவ்வளவு காலம் நம்பியிருந்தாள்.

பிறகு எப்பிங்கரின் பட்டறைக்குப் போனாள். அவர் வாசலில், பனி அள்ளும் சவளை இடது கையால் மட்டும் பிடித்து, நடைபாதைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தள்ளலுக்கும் முகம் சுருங்கியது. காலை ஏழு மணிக்குள் அவரவர் வாசல் பாதை துப்புரவாக இருக்கவேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அன்று அவர் பிந்திவிட்டார்.

“நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்,” என்றாள்.

“தெரியும். உண்மை சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். நீங்கள் மிக வேகமாகச் சொன்னீர்கள்.” அவர் சவளைச் சுவரில் சாத்தினார். “உங்கள் மகள்?”

“வீட்டுக்கு வந்துவிட்டாள்.”

அவர் மூச்சை விட்டார். “அப்படியானால் நல்லது. எப்போது தொடங்கலாம்?”

சொன்னபடி வந்து, தன் வேலையாளோடு பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். அது தனக்கு வேண்டிய காற்றைத் தன் குழாயாலேயே வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். சாமிப்படங்கள் மேலே வரவேற்பறைக்கு ஏறின. சுலோஜனா வடை சுட்டுக் கொடுத்தாள். அவர் ரசித்துத் தின்றார். நன்றி சொல்ல வாயெடுத்தபோது, “அந்தப் பெட்டியை நான் எல்லோருக்கும்தான் கொடுக்கிறேன்,” என்று பேச்சை வெட்டிவிட்டார். எல்லோருக்கும் கொடுக்கலாம். வேலை தராமல், பொய்யும் சொன்னவளின் வாசலுக்கு அதே நாளில் ஏறி வந்தது கணக்கில் சேராதா? வீடு சூடாக இருந்தது, பிள்ளை சிரித்தாள், ஆனாலும் அவளுக்கு உள்ளே ஒரு பாரம்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஊரையே மூடிப் பனி கொட்டியது. முதியோர் இல்லச் சமையலறையில் சுலோஜனாவுக்குக் காலை வேலை. வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் ஏறி, எப்பிங்கரின் ஊரில் இறங்கினாள். தெரு இருட்டிக் கிடந்தது. பட்டறை யன்னலில் வெளிச்சம் இல்லை.

சவள் வாசலில் இருந்தது. பனி ஈரமும் கனமுமாக இருந்தது. மூலையிலிருந்து மூலைவரை நடைபாதையைத் தள்ளினாள், படியைச் சுரண்டினாள், வாளியிலிருந்த பொடிக்கல்லை அள்ளி, வழுக்காமல் ஒரே சீராகத் தூவினாள். கைவிரல்கள் மரத்துப்போயின.

பட்டறைக்கு மேலே, அவர் குடியிருந்த மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. யாரோ இருமும் சத்தம் கேட்டது. சவளை எடுத்த இடத்திலேயே சாத்திவிட்டு, சுவரோரமாக நடந்து, அடுத்த பஸ் வருகிற மூலைக்குத் திரும்பினாள்.