தீவுக்கு மேலே

“எறங்க எடமில்ல,” என்றார் அப்பா மறுபடியும். வலது கை போர்வையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மகள் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். உடும்புப்பிடி.

ஊசி போட்டு முடித்த நர்ஸ், “நினைவு தப்பிடுச்சும்மா. அவர் போக்குலயே பேசுங்க, அடங்கிடுவாரு,” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குக் கை கழுவப் போனாள். சொல்வது சுலபம்.

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. “போர்ல இருக்காரு,” என்றான். போர்க்காலத்தில் அப்பா கடற்படை விமானி. இறக்கை எரிய எரியத் திரும்பி வந்து, அலையில் ஆடுகிற கப்பலின் தளத்தில் இறக்கி, பின்சீட்டுக்காரரைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கியவர். அண்ணன் அதை ஊரெல்லாம் தமுக்கடிப்பான். அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. போர் முடிந்ததும் கடல்நாய்களை ஆராயப் போய்விட்டார். பாறைத் தீவுகளில் அவை குட்டி போடும் மாதமெல்லாம் சின்ன விமானத்தில் மேலே வட்டமடித்து எண்ணிக்கொண்டிருப்பார். அம்மாவின் ஆபரேஷனுக்குக்கூட வரவில்லை. மகளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“கப்பல் தெரியுதுன்னு சொல்லேன். நிம்மதியாப் போகட்டும்,” என்றான் அண்ணன்.

அவள் குனிந்தாள். “அப்பா, இதோ கப்பல். கீழதான் நிக்குது. எறங்குங்க.”

அப்பாவின் முகம் கோணியது. தலையை வேகவேகமாக ஆட்டினார். “வேணாம்.”

“தைரியமா எறக்குங்கப்பா! எல்லாரும் காத்திட்டிருக்கோம்!” அண்ணன் ஏதோ கப்பல் தலைவன் மாதிரி குரல் கொடுத்தான்.

“வேணாம்னா கேளுங்களேன்,” என்று அப்பா கெஞ்சினார். “குட்டிங்க இருக்கு.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பல வருஷம் முன்பு ஒரு தீவுக்கு மேலே ஒரே ஒரு தடவை அவர் தாழப் பறந்துவிட்டார். இரைச்சலில் மிரண்ட கூட்டம், சொந்தக் குட்டிகளை நசுக்கிக்கொண்டு கடலுக்குள் விழுந்தது. அந்த வாரம் வீட்டில் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்து அண்ணனும் தங்கையும் இவ்வளவு நேரம் அந்தத் தீவில்தான் அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எறங்க வேணாம்ப்பா. மேலயே இருங்க,” என்றாள் பதறிப்போய்.

அப்பா கண்ணைத் திறந்தார். அவளைத்தான் பார்த்தாரா, தெரியவில்லை. “பெட்ரோல் இல்லியேம்மா.”

அவளுக்குச் சொல்ல ஒரு பொய்கூட அகப்படவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரிப்பா,” என்றாள் கடைசியில். “கீழ எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லுங்க.”

அவர் உதடு அசையத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று காற்றாக வந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவள் காதை அவர் வாயருகிலேயே வைத்திருந்தாள்.

திரும்பி வந்த நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டு அண்ணனை நோக்கித் தலையசைத்தாள். அண்ணன் ‘அப்பா’ என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தான்.

“சத்தம் போடாதண்ணே,” என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல். “எண்ணிட்டிருக்காரு.”