கால் ஊன்றிய இடம்

பதினேழாவது படமும் மங்கலாகத்தான் வந்திருந்தது. இளவழகன் படகின் முனையில் குந்தியபடி, கேமராவின் திரைக்கு உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்த்தான். தெறித்த தண்ணீர்த் துளிகள் துல்லியமாக இருந்தன. நீந்துகிறவனின் முகம்தான் கலங்கிக் கிடந்தது. நீந்துகிறவன் அவன் கூட்டாளி தீனா.

பழவேற்காடு ஏரியில் எட்டு கிலோமீட்டர் நீச்சல் போட்டி. சென்னையிலிருந்து அறுபது பேர் வந்திருந்தார்கள். ஏரிக்கரை ஊரான பசியாவரத்திலிருந்து தீனா ஒருவன்தான். அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருடம் முன்புவரை, ஊரில் வேகமாக நீந்துவது யார் என்றால் இளவழகனைத்தான் காட்டுவார்கள். காதில் சவ்வு கிழிந்து, இனி தலை நனையக்கூடாது என்று டாக்டர் சொன்னபின் அவன் பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தான். கல்யாணங்களில் அவன் இதுவரை பிடித்தது விளக்கைத்தான். இன்று முதலாளி முதல்முறையாகக் கேமராவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு படமாவது உருப்படியாக வந்தால் இனி தனியாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் கரையில் பச்சையம்மா தீனாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். பக்கத்திலேயே நின்ற தன் மகன் இளவழகனின் நெற்றிக்கு அவள் கை வரவில்லை. அதைக் கவனித்ததற்காக அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தீனாவுக்குத் தொடையில் சதை பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். அதை அவன் திரும்பப் பெறவில்லை.

ஆறாவது கிலோமீட்டரில் தீனா சட்டென்று எழுந்து நின்றான்.

அங்கே ஏரி இடுப்பளவுதான். தரையில் கால் ஊன்றினால் போட்டியிலிருந்து நீக்கம் என்று மைக்கில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். இளவழகனின் விரல் தானாக அழுத்தியது. தீனா குனிந்து எதையோ இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் நுழைந்து, மறுபடி நீந்தத் தொடங்கினான். நான்கைந்து நொடிதான். நடுவர்களின் படகு வெகு பின்னால் இருந்தது. இவன் படகை ஓட்டிய நாகப்பன், இஞ்சினில் சிக்கிய பாசியைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தான். மார்பில் வழியும் நீர், எதிர்வெயில், இமைமயிர் உட்பட முகம். அவன் எடுத்ததில் முதல் நல்ல படம். அந்த மகிழ்ச்சிக்கு அடியில், தீனா கால் ஊன்றிவிட்டான் என்ற இன்னொன்றும் இருந்தது. அது இதைவிடப் பெரிதாக இருந்தது.

தீனாதான் முதலில் கரையேறினான். இரண்டாவதாக வந்தவர் நடுவரிடம் போய் எதையோ சொல்ல, நடுவர் இளவழகனிடம் வந்தார்.

"தம்பி, வழியில யாரோ கால் ஊனினாங்கன்னு சொல்றார். நீங்க கூடவே வந்தீங்களே. படம் எதாவது இருக்கா?"

இளவழகன் படத்தைப் பெரிதாக்கினான். முகத்திலிருந்து கைக்கு நகர்த்தினான். கைகளில் வலை. மிதவைகளுக்குப் பதில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டிய துண்டுகள். அப்பாவின் வலைக்காக அவற்றைப் போன மாதம் வெட்டியவனே இளவழகன்தான். போட்டிக்காக எல்லோரும் வலையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நைனா தலையாட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தால் தீனா காலே ஊன்றியிருக்க வேண்டாம். இந்த ஏரியில் பிறந்த யாருக்கும் அது தோன்றாது.

"மச்சான்," தூரத்திலிருந்து தீனா துண்டால் தலையைத் துவட்டியபடி கேட்டான். "மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணாச்சும் வந்துச்சா, இல்ல எல்லாம் தண்ணிதானா?"

நடுவர் கையை நீட்டியபடி நின்றார். திரை தானாக அணைந்தது. இளவழகனின் கட்டைவிரல் பட்டதும் மறுபடி ஒளிர்ந்தது. இரண்டு கைகளுக்கு நடுவே, நீர் சொட்டச் சொட்ட, ஒரு நீலச் செருப்புத் துண்டு.