கண்ணை மூடப் பழகிய பிள்ளை

1.
முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டி குட்ஷெட் நிலையத்தில் நின்ற பன்வில பஸ்ஸில் ஆமிக்காரர் சோதனைக்கு ஏறியபோது, ஒரு சிறுமி சட்டென்று தாயின் மடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் இறங்கியதும் தாய் அவள் கன்னத்தை விரலால் தொட்டாள், கண் திறந்தது. நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
"செசிலியா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு..."

வேண்டாம். மலையகத்துப் பெண் என்றதும் கூடையை மாட்டிவிடும் புத்தி என்னையும் விடவில்லை.

செசிலியாவின் மகள் திரேசாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடம் கைவிரித்துவிட்டது. பள்ளிக்கூடம் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளைக்காகப் பேச ஒரு வக்கீலைத் தேடிக் கண்டியெல்லாம் அலைந்தாள் செசிலியா. காணி வழக்கென்றால் பார்க்கலாம் என்றார் ஒருவர். நாடு இருக்கிற இருப்பில் ஊமைக்குப் படிப்பு ஒரு கேடா என்றார் இன்னொருவர். (இவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.) கடைசியில் ஹபீலா என்ற சட்டத்தரணிதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"புள்ளைக்கு வெளங்குமா?"

"எல்லாம் வெளங்கும் மிஸ். ஒரு தரம் பாத்தா போதும், புடிச்சுக்கிருவா."

"அப்ப அத விசாரிக்க வார கல்வி அதிகாரிக்கு முன்னுக்குக் காட்டினா சரி. நீங்க மட்டும் தொடவும் வாணாம், சைகை காட்டவும் வாணாம். உம்மா சொல்லிக் குடுத்ததெண்டு சொல்லிருவாங்க."

3.
(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன், கதையே இதற்குள்தான் இருக்கிறது.) கண்டியில் குண்டு வெடித்த வருஷம், சோதனைச் சாவடியில் பெயர் கேட்ட சிப்பாய்க்குத் திரேசா பதில் சொல்லவில்லை. அவன் துவக்கின் குழல் நிமிர்ந்தது. அன்றிலிருந்து செசிலியா மகளைப் பழக்கினாள்: சீருடையைக் கண்டால் தூங்குவதுபோல் கண்ணை மூடு, நான் கன்னத்தைத் தொடும்வரை திறக்காதே. இதை அவள் வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஹபீலாவிடமும்தான்.

4.
விசாரணை அறை. அதிகாரி மேசையில் படங்களைப் பரப்பினார். திரேசா பசுவை நோக்கிக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, வாசலில் காவல் நின்ற ஆமிக்காரன் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து கதவோரம் நின்றான்.

நீட்டிய கை மடங்கியது. கண் மூடியது.

"நித்திரை போல," என்றார் அதிகாரி.

ஹபீலா திரும்பிப் பார்த்தார். செசிலியா தன் விரலை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். பாவி, நானே பெத்து நானே பூட்டி வச்சேனே.

5.
முடிவு ஒன்று: ஆமிக்காரன் வெளியே போகிறான். போனாலும் கண்ணை மூடியிருப்பவளுக்கு எப்படித் தெரியும்? கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: செசிலியா நடந்ததைச் சொல்லிவிடுகிறாள், "சார், ஆமியப் பாத்தா பயத்துல..." அவன் அங்கேயே நிற்கிறான். ஆமிக்குப் பயப்படும்படி என்ன செய்தாய் என்று கேட்டால்?

முடிவு மூன்று: எழுந்து போய்த் தொடுகிறாள். தொட்டால் வழக்குப் போச்சு. தொடாவிட்டாலும் போச்சு. வக்கீலிடமாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எத்தனை தரம் எழுதிப் பார்த்தாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறேன்.

அதிகாரி பேனாவைத் திறக்கிறார். நான் என்னுடையதை மூடுகிறேன். வாசிக்கிற நீங்கள் தொட்டால் தாய் சொல்லிக்கொடுத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டுமானால் எழுந்து போய் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் அவளுக்கு அம்மாவின் விரல் தெரியும்.