படித்துறைத் தண்ணீர்

கண்ணாடித் தொட்டியின் நடுவே ஒரு தகரத் தடுப்பு. ஒரு பக்கம் நீல மை கலந்த கடல் நீர், மறுபக்கம் ஆற்று நீர். தடுப்பை மெல்ல உருவினால், கனமான உப்பு நீர் அடியில் நழுவிப் போகும். நல்ல நீர் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கீழே நீலம், மேலே தெளிவு. வெகுநேரம் கலக்காது. காவிரியின் கிளையான அரசலாறு கடலில் சேருமிடத்தில் நடப்பதை ஒரு முழ நீளத்தில் பார்த்துவிடலாம்.

மெட்ராஸிலிருந்து வந்த கடல் ஆராய்ச்சிக் குழு, 1984 பங்குனியில் காரைக்கால் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சி நடத்தியது. இந்தத் தொட்டி பதினோராம் வகுப்பு அமலராணியின் பொறுப்பு. விளக்கிச் சொல்லும் மாணவர்கள் மே மாதம் மெட்ராஸ் வந்து, ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் கூடவே வேலை பார்க்கலாம் என்று குழுத் தலைவி ஞானசௌந்தரி சொல்லியிருந்தார். அன்று முதல் அமலராணிக்கு அதே நினைப்பு.

ரொட்டிக் கடை வைத்திருந்த அவள் அப்பா சந்தனசாமியோ, டீச்சர் டிரெயினிங் போதும் என்பவர். கண்காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இறங்கி வந்ததே பெரிது. ஆற்று நீரையும் அவரே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். பாலத்துக்கு மேற்கே, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் படித்துறையில் மொண்டது. ஐப்பசியில் அங்கே இறங்கினால் காவிரித் தண்ணீர்தான்.

மாலையில் அவர் முன்வரிசையில் நிற்க, அமலராணி தடுப்பை உருவினாள். நீலம் அடியில் போகவில்லை. சுழன்று சுழன்று தொட்டி முழுவதும் பரவியது. யாரோ சிரித்தார்கள்.

"வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டாப்ல இருக்குடி," என்று கிசுகிசுத்த தோழி சலோமி, குழாய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன், ஊற்றிச் சமாளித்துவிடலாம் என்றாள்.

அமலராணி அப்பாவைப் பார்த்தாள். குழாய் நீரை ஊற்றினால் காட்சி நடந்துவிடும், அவரும் தலையாட்டிவிடக்கூடும். ஆனால் இது ஏன் இப்படி ஆனது என்ற கேள்வி அவளை விடவில்லை. கேனில் மிச்சமிருந்த ஆற்று நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

கூட்டத்துக்குச் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே காரணம் பிடிபட்டது. தை மாதமே மேட்டூர் அணையை மூடியாயிற்று. மேலிருந்து தள்ளிக்கொண்டு வர நீர் இல்லை. கடல் ஏறும்போதெல்லாம் உப்பு நீர் உள்ளே வந்து தங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம் என்றால் எது எதன் அடியில் போகும்?

"எதுவரைக்கும் ஏறியிருக்கும்?" என்று கேட்டார் ஞானசௌந்தரி.

"தெரியலைங்க மேடம்."

"எனக்கும் தெரியாது. நாங்க இந்த ஆத்துல அளந்து பார்த்ததில்ல."

தான் கொண்டுவந்த தண்ணீரால் மகள் தலைகுனிய நேர்ந்ததே என்று ஒதுங்கி நின்றிருந்த சந்தனசாமி நிமிர்ந்தார்.

"தெரியலைன்னு சொல்றதுக்காங்க அங்க சம்பளம் தர்றாங்க?"

"ஆமாங்க. சொல்லிட்டுச் சும்மா உட்கார்ந்தாத்தான் தரமாட்டாங்க."

 

மறுநாள் காலை, கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வந்தவரின் சைக்கிள் பெட்டியில் கழுவிய காலிப் பாட்டில்கள் குலுங்கின.

"ஏறு, அமலா. படித்துறை படித்துறையா மேற்கால போய் மொண்டு பார்ப்போம். மே மாசம் அந்த அம்மா மறுபடி கேட்டா, தெரியலைன்னா சொல்லுவே?"